பாதையில் கேட்ட கதை

அன்புள்ள ஐயா,

திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். மூன்று வருடமாகக் கட்டுரை எழுதுகிறேன். இப்போது மேடையில் கதை சொல்லவும் கூப்பிடுகிறார்கள். போன மாதம் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் பற்றிய என் கட்டுரையை வரி பிசகாமல் பாடமாக்கிச் சொன்னேன். பாதிப்பேர் எழும்பிப் போய்விட்டார்கள். வங்கி வேலையை விட்டு இதை முழுநேரமாகச் செய்யலாமா?

- க.

அன்புள்ள தம்பி,

வேலையை விடவேண்டாம். கட்டுரைக்குக் காசு எப்போது வருமென்று எவருக்கும் தெரியாது. மேடைக்குப் பொன்னாடை வரும், அதை உலையில் போட முடியாது.

பாடமாக்கினதுதான் எனக்குக் கோபம். கோயிலில் நடக்கும் கந்தபுராணப் படிப்புக்கு ஒருநாளாவது போயிருக்கிறீரா? ஒருவர் செய்யுளை வாசிப்பார், மற்றவர் பயன், அதாவது அதன் பொருள், சொல்லுவார். வாசிக்கிறவர் ஓரெழுத்தையும் மாற்றக்கூடாது. பயன் சொல்லுகிறவரின் கண் ஏட்டில் இராது, சனத்தில் இருக்கும். கிழவிகள் தூங்கி விழுந்தால் சூரனை இரண்டு தரம் கூடுதலாகக் கர்ச்சிக்க வைப்பார். எழுதும்போது நீர் வாசிக்கிறவர், மேடையில் பயன் சொல்லுகிறவர். அங்கேயும் போய் ஏட்டை ஒப்புவித்தால் சனம் எழும்பாமல் என்ன செய்யும்? நியூயோர்க்கில் ஜோர்ஜ் டோஸ் கிரீன் என்ற நாவலாசிரியர் 1997இல் தொடங்கிய ‘த மொத்’ என்ற கதைசொல்லும் மேடையிலும் தாளைப் பார்த்துச் சொல்ல விடுவதில்லை. நமக்கு இது புதிதே இல்லை.

அந்த ஏழு கிணற்றுக் கட்டுரையை நான் இரண்டு தரம் வாசித்தேன். உமக்குக் கை இருக்கிறது. அதனால்தான் ஏசுகிறேன்.

தண்ணீருக்கு அக்கரையில் இருக்கும் கிண்ணியாவுக்குப் பாலம் 2009இல்தான் வந்தது. அதற்கு முதல் பாதைதான், ஆட்களை ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிதவை. சின்ன வயதில் அம்மாவோடு போகும்போது, மீன் விற்றுத் திரும்பும் முஸ்லிம் அண்ணர் ஒருவர், காக்கா என்போம், வெறும் பெட்டியில் சாய்ந்தபடி பேய்க்கதை சொல்லுவார். அக்கரை கிட்டினால் பேய் சுருக்காகச் செத்துவிடும். காற்று எதிர்த்தால் அதே பேய்க்குக் கலியாணம் பேசுவார். ஒருநாள் நடுத் தண்ணீரில் பாதை நின்றுவிட்டது. வெயில். சனம் புறுபுறுத்தது. காக்கா பேய்க்கு மூன்று பிள்ளைகள் பிறக்க வைத்தார். கடைசியில் கரையில் முட்டிய பிறகும் ஒருவரும் இறங்கவில்லை. “மூத்ததுக்கு என்ன பேர் வைச்சீங்க?” என்று ஒரு மாமி கேட்டா.

“நாளைக்கு வாங்க, சொல்றன்” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அம்மா கூட்டிப்போகவில்லை. மூத்ததின் பேர் எனக்கு இன்றுவரை தெரியாது.