மூடுவதற்கு முன் பார்க்க வேண்டும்: வாசகர் கேள்வி பதில்

(நகராட்சியில் 28 ஆண்டுகள் கட்டட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: ஐயா, சிவில் டிப்ளமோ கடைசி ஆண்டு படிக்கிறேன். கட்டட ஆய்வாளர் ஆக வேண்டும் என்று ஆசை. இன்னும் என்னென்ன படிக்க வேண்டும்? எந்தத் தகுதியைப் பார்ப்பார்கள்?

பதில்: சரியான படிப்பில்தான் இருக்கிறீர்கள் தம்பி. சிவிலில் டிப்ளமோ அல்லது பட்டம், அதற்கு மேல் சில ஆண்டுகள் சைட் அனுபவம், பிறகு ஒரு தேர்வு. பெரும்பாலும் வழி இப்படித்தான் போகும். சில நாடுகளில், பல வருடம் தச்சு வேலையோ கொத்து வேலையோ பார்த்தவரும் தேர்வெழுதி ஆய்வாளர் ஆகலாம். அமெரிக்காவில் வீட்டுக் கட்டடம், வணிகக் கட்டடம், மின்சாரம், குழாய் வேலை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சான்றிதழ்த் தேர்வு உண்டு. விதிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே அவற்றை எழுதலாம். எனக்கு அந்த முறை பிடிக்கும். சைட்டில் நிற்கும்போது மனப்பாடம் உதவாது. எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும். இங்கிலாந்தில் 2017-இல் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சட்டத்தையே மாற்றினார்கள். 2024 முதல் அங்கே திறமையை நிரூபித்துப் பதிவு செய்துகொண்டவர்தான் கட்டட ஆய்வாளராக வேலை பார்க்க முடியும்.

இதெல்லாம் காகிதத் தகுதி. அதைவிட முக்கியமாக நான் நினைப்பது வேறு. விடுமுறை கிடைத்தால் ஏதாவது ஒரு சைட்டுக்குப் போய், கம்பி கட்டுகிறவர் பக்கத்தில் ஒரு வாரம் நில்லுங்கள். பில்லர் கம்பியைச் சுற்றி ரிங் போடுவார். அந்த ரிங்கின் முனையை எப்படி வளைக்கிறார் என்று கவனியுங்கள். வெறும் மூலைமட்டமாக, 90 டிகிரியில் வளைத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் நிலநடுக்கத்தில் பில்லரின் மேல்தோல் உதிர்ந்ததும் அந்த முனை பிரிந்துகொள்ளும், ரிங் அவிழ்ந்துபோகும். 135 டிகிரி வரை வளைத்து, முனையைப் பில்லரின் உள்ளுக்குள் செருகினால் பிரியாது. ஒரு விரல் நீளக் கம்பியில் இருக்கிறது இந்த வித்தியாசம். காங்கிரீட் போட்ட பிறகு எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஆய்வாளர் வேலை என்றால் என்ன என்று அந்த ஒரு வாரத்தில் உங்களுக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். ஸ்லாப் போடும் முன் வந்த ஆய்வாளர் அரைமணி நேரம்கூட இருக்கவில்லை. மேலே ஏறிப் பார்த்துவிட்டு, 'பால்கனிக் கம்பியைச் சரிசெய்யாமல் காங்கிரீட் போடக் கூடாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ரெடிமிக்ஸ் லாரிக்குச் சொல்லி, ஆட்களும் வந்தாயிற்று. கம்பி கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்பதற்காக ஒரு நாள் வேலையை நிறுத்துவது நியாயமா?

பதில்: நியாயம்தான் அம்மா. அவர் அரைமணி நேரத்தில் பார்த்ததுதான் அன்றைக்குப் பார்க்க வேண்டியதிலேயே பெரிய விஷயம்.

காங்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும்; இழுத்தால் விரிந்துவிடும். இழுபடுகிற இடத்தில் கம்பி வைப்பது அதனால்தான். அறைக்கு மேல் இருக்கும் ஸ்லாப் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறது. பாரம் ஏறினால் நடுவில் தொய்யும், அடிப்பக்கம் இழுபடும். எனவே அங்கே கம்பி அடியில். பால்கனிக்கோ ஒரு பக்கம் மட்டும்தான் பிடிப்பு. நுனி கீழே இறங்கப் பார்க்கும், மேல்பக்கம் இழுபடும். எனவே கம்பி மேலே இருந்தாக வேண்டும். 120 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டிய கம்பி 60 மி.மீ.-க்கு இறங்கிவிட்டால், பால்கனியின் தாங்கும் சக்தி ஏறத்தாழப் பாதியாகிவிடும். கம்பியின் எண்ணிக்கை சரியாக இருக்கும், விட்டமும் சரியாக இருக்கும், உயரம் மட்டும் போயிருக்கும். ஆட்கள் மேலே நடந்து மிதித்தாலே இறங்கிவிடும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு ஒரு வீட்டுக்குப் போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் காங்கிரீட் போட்டு முடித்துவிட்டார்கள். "எல்லாம் வரைபடப்படிதான் சார்" என்றார் அங்கிருந்த சூப்பர்வைசர். நம்பிக் கையெழுத்துப் போட்டேன். முட்டுகளைப் பிரித்த அன்று பால்கனி சுவரோரமாக மேலே நீளவாக்கில் விரிந்து, நுனி இரண்டு விரற்கடை தொங்கிவிட்டது. நல்லவேளை, மேலேயும் கீழேயும் யாரும் இல்லை. உடைத்துப் பார்த்தபோது கம்பி முழுவதும் அடியில் கிடந்தது. என் கையெழுத்து கோப்பில் இருந்தது. அந்த வீட்டம்மா என்னைத் திட்டவில்லை. "நீங்கள் பார்த்தீர்கள் என்றுதானே நாங்கள் தைரியமாக இருந்தோம்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு, என் கண்ணால் பார்க்காத எதற்கும் 'பார்த்தேன்' என்று நான் எழுதியதே இல்லை.

உங்கள் ஆய்வாளர் சொன்னபடி கம்பியைத் தூக்கி, அடியில் போதுமான சேர் (மேல்கம்பியைத் தாங்கி நிற்கும் வளைகம்பி) வைத்துக் கட்டச் சொல்லுங்கள். காங்கிரீட் போடும்போது கம்பிமேல் நடக்காதபடி பலகை போடச் சொல்லுங்கள். இன்னொன்று: லாரி காத்திருந்து கலவை இறுகிவிட்டது என்று டிரம்மில் தண்ணீர் ஊற்ற யாரையும் விடாதீர்கள். வேலை சுலபமாகும், வலு குறைந்துவிடும்.

கேள்வி: கட்டி முடித்ததும் ஒரே தடவை வந்து பார்த்தால் போதாதா? எதற்கு நாலைந்து முறை?

பதில்: முடிந்த கட்டடத்தில் பெயிண்டும் டைல்ஸும்தான் தெரியும். கடைக்கால் குழியை மூடும் முன் மண்ணைப் பார்க்க வேண்டும். பூசும் முன் மின்சாரக் குழாயையும் தண்ணீர்க் குழாயையும் பார்க்க வேண்டும். கடைசியில் வரும்போது படிகளின் உயரம் ஒரே சீராக இருக்கிறதா என்று அளப்பேன். ஒரு படி மட்டும் ஒரு விரற்கடை கூடினாலே இருட்டில் கால் தடுக்கும்.

கேள்வி: என் கணவர் கட்டட ஆய்வாளர். வேலையை நிறுத்தச் சொன்னால் மிரட்டுகிறார்கள். சில பேர் வீட்டு வாசலுக்கே பணத்தோடு வருகிறார்கள். அவர் வாங்குவதில்லை. ஆனால் தூக்கமில்லாமல் கிடக்கிறார். இந்த வேலையை விட்டுவிடச் சொல்லட்டுமா?

பதில்: விட்டுவிடச் சொல்லாதீர்கள் சகோதரி. அவரைப் போன்றவர்கள்தான் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும்.

தென்கொரியத் தலைநகர் சியோலில் சாம்பூங் என்ற பல்பொருள் அங்காடிக் கட்டடம் 1995-இல் இடிந்து 502 பேர் இறந்தார்கள். நாலு மாடிக்குத் திட்டமிட்டதன்மேல் ஐந்தாவது ஏற்றினார்கள், பில்லர்களை மெலிதாக்கினார்கள். இந்த மாற்றங்களுக்குக் கண்ணை மூடிக்கொள்ள லஞ்சம் வாங்கிய நகர அதிகாரிகள் பின்னால் தண்டிக்கப்பட்டார்கள். இடிந்த அன்று காலையிலேயே மேல்மாடியில் விரிசல்கள் தெரிந்திருந்தன. மேல்மாடியை மட்டும் மூடிவிட்டு, மற்ற மாடிகளில் வியாபாரத்தை நடத்தினார்கள். மாலையில் விழுந்தது.

உங்கள் கணவருக்கு நடைமுறையாகச் சில விஷயங்கள் சொல்கிறேன். சிக்கலான சைட்டுக்குத் தனியாகப் போக வேண்டாம். குறையைப் பார்த்த இடத்திலேயே அளவுநாடாவை வைத்து, அளவு தெரியும்படி படம் எடுக்கட்டும். வாய்மொழியாக நிறுத்தச் சொல்வதைவிட, எந்த விதி, எந்த இடம், எவ்வளவு குறை என்று எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கட்டும். மிரட்டினால் அன்றே மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்கட்டும். எழுதிக் கொடுத்த பிறகு அது அவருடைய தனிப்பட்ட சண்டையாக இருக்காது, அலுவலகத்தின் உத்தரவாகிவிடும். எனக்குத் தூக்கம் திரும்பி வந்தது அந்தப் பழக்கத்துக்குப் பிறகுதான்.

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவரில் விரிசல் இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: பூச்சில் மயிரிழையாகத் தாறுமாறாக ஓடுவது பெரும்பாலும் பூச்சு காய்ந்த கோடுதான். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகவோ, செங்கல் இணைப்புகள் வழியே படிப்படியாகவோ போனால் கவனியுங்கள். இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் அகலமும் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தாலோ அகலம் கூடியிருந்தாலோ பொறியாளரைக் கூப்பிடுங்கள். விரிசல் பில்லரிலோ பீமிலோ இருந்தால் பென்சிலைத் தேட வேண்டாம், அன்றைக்கே கூப்பிட்டுவிடுங்கள்.