ஓவியக்கூடமும் கரண்ட் பில்லும்

அன்புள்ள ஐயா,
திருகோணமலைக் கடற்கரையோரம் தொடர்மாடி கட்டும் முதலாளி ஒருவர், பொதுமக்களுக்கென்று ஓர் ஓவியக்கூடத்தையும் தன் செலவில் கட்டித் தருவதாகச் சொல்கிறார். ஊர் இரண்டுபட்டுக் கிடக்கிறது. அவருடைய காசை வாங்கலாமா? வாசலில் அவர் பெயர் வரலாமா?
ஒரு வாசகர், உவர்மலை

அன்புள்ள தம்பி,

ஊருக்கு ஓவியக்கூடம் வேண்டுமென்று சண்டை பிடிக்கிற பிள்ளைகள் இருப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். தனியார் காசு புதிதல்ல. லண்டன் டேட் கூடம் 1897இல் சீனி வியாபாரி ஹென்றி டேட்டின் பணத்தில் திறந்தது. கொழும்பின் சபுமல் நிதியம் என்ற ஓவியக்கூடம், ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடுதான். பெயர்ப்பலகைக்கு மண்டையை உடைக்காதீர்கள். காசு கொடுத்த சாக்லர் குடும்பத்தின் பெயரை மாட்டிய அதே டேட், 2022இல் அதைக் கழற்றியது.

ஆனால் கடிதத்தில் ஈரப்பதம் பற்றி ஒரு சொல்கூட இல்லையே! எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

கடலோரத்தில் கட்டடம் எழுப்புவது லேசு. உள்ளே படத்தைக் காப்பாற்றுவதுதான் பாடு. துணி, கடதாசி, மரச்சட்டம் எல்லாவற்றுக்கும் ஈரப்பதம் 50–60 சதவீதத்தில் ஆடாமல் நிற்கவேண்டும். 70ஐத் தாண்டி நீண்ட நாள் நின்றால் பங்கசு (பூஞ்சணம்) பிடிக்கும். வாடைக்காலத்தில் எங்கள் ஊர்க்காற்று அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். கச்சான் என்ற வறண்ட காற்று அடித்தால் பகலில் காய்ந்துபோகும். சட்டமும் துணியும் வேறுவேறு அளவில் விரிந்து சுருங்க, மேலேயுள்ள வர்ணம் வெடித்து உதிரும். இதோடு உப்பு. 75 சதவீதத்துக்கு மேல் அது தானே நீரை இழுத்துக் கசியும். துணியை அடித்த இரும்பாணியில் துருவேறும், துருப்பட்ட இடத்தில் துணி இற்றுவிடும்.

ஏசி பூட்டினால் சரி என்பார்கள். சரிவராது. சாதாரண ஏசி சூட்டைத்தான் பார்க்கும். அறைக்கு மிஞ்சிய ஏசி சட்டென்று குளிராக்கிவிட்டு நிற்கும், ஈரம் வடியாது. அதைவிடக் கொடுமை, மாலையில் நிற்பாட்டிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போவது. இரவில் புகும் ஈரக்காற்று, படச்சட்டத்தின் குளிர்ந்த கண்ணாடியில் துளித்துளியாகப் படிந்து உள்ளேயிருக்கும் கடதாசியை நனைக்கும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் தனியாக வேண்டும், இரவுபகல் ஓடவேண்டும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் வேண்டும். வெளியே நிற்கும் ஏசிப் பெட்டியை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவாவிட்டால் உப்பு அரித்துவிடும். பதினைந்தாம் வருடம் இதற்கெல்லாம் யார் காசு கட்டுவது? முதலாளியிடம் யாராவது கேட்டீர்களா?

கடலைப் பார்த்த கண்ணாடிச் சுவர் வைக்க ஆசைப்படுவார்கள், விடாதீர்கள். நீர்வர்ணத்துக்கு 50 லக்ஸ், எண்ணெய்வர்ணத்துக்கு 200 லக்ஸ் வெளிச்சம் போதும். படங்களை அடுக்கிவைக்கும் களஞ்சியம் மேல்மாடியில் இருக்கட்டும். 2004 டிசம்பரில் கடல் எவ்வளவு தூரம் வந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள்.

அடிக்கல் நடமுன் காணியும் கட்டடமும் உள்ளூராட்சிச் சபையின் பெயரில் உறுதிப்பத்திரம் முடிக்கப்படவேண்டும். பராமரிப்புக்கென வங்கியில் நிலையான வைப்பு, வட்டியை மட்டும் எடுக்கலாம், கொடுத்தவர் திரும்பக் கேட்க முடியாது என்ற எழுத்து வேண்டும். பதிலுக்கு மேலதிக மாடிகளுக்கு அனுமதி கேட்கிறாரா என்றும் விசாரியுங்கள். ஒப்புக்கொண்டால் நன்றி சொல்லி வாங்குங்கள். இல்லையென்றால் வேண்டாமென்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

வரைபடத்தின் பிரதி ஒன்றை எனக்கு அனுப்பிவையுங்கள். களஞ்சியத்தை எங்கே கீறியிருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும்.