மூளையும் தத்துவமும் சேர்த்துப் படித்தால் என்ன வேலை?

அம்மா, அமெரிக்காவில் நியூரோசயின்ஸும் (மூளை, நரம்பு பற்றிய அறிவியல்) தத்துவமும் சேர்த்துப் பி.ஏ. படிக்கும் உங்கள் மகளைப் பற்றிய கடிதத்தில் "இவள் டாக்டர் ஆவாளா, மாட்டாளா?" என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பட்டத்தால் மட்டும் ஆக மாட்டாள். அமெரிக்காவில் நியூரோசயின்ஸ் பி.ஏ. முடித்தவர் எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதி, இன்னும் 4 ஆண்டு மருத்துவம் படிக்க வேண்டும். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் மருத்துவக் கல்லூரிகள் அங்கே குறைவு. ஊர் திரும்பினால் நீட்டிலிருந்து ஆரம்பம்.

சரி, அப்புறம் என்னதான் வழி?

பல பேருக்கு முதல் வேலை, ஏதாவது பல்கலைக்கழக ஆய்வகத்தில் உதவியாளர் வேலைதான். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. தொப்பியை மாட்டி, ஒவ்வொரு மின்முனைக்கும் ஜெல் வைத்து, எதிரே மிரண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் "ஷாக் அடிக்காது ஐயா" என்று புரியவைத்து, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். வீண் செலவு என்று நீங்கள் எழுதிய நாடக வகுப்பும் அறவியல் வகுப்பும் உதவுவது இங்கேதான்.

இரண்டு ஆண்டு இப்படி இருந்துவிட்டு நேராகப் பிஎச்.டி.க்குப் போகலாம், முதுகலை கட்டாயமில்லை. அங்கே நியூரோசயின்ஸ் பிஎச்.டி.யில் பெரும்பாலும் கட்டணத்தைக் கல்லூரியே ஏற்று, உதவித்தொகையும் தரும். மாஸ்டர்ஸுக்கு அப்படியில்லை. அதற்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

ஆராய்ச்சி பிடிக்கவில்லையா? மருந்துச் சோதனை ஒருங்கிணைப்பு, மருத்துவ எழுத்து, செயலிகளைப் பயன்படுத்துவோரைப் பற்றிய ஆய்வு என்று இருக்கிறது. மரபணு ஆலோசகராக வேண்டுமென்றால் தனியாக 2 ஆண்டுப் படிப்பு.

எனக்கு உறுத்தியது வேறு. மதிப்பெண் பட்டியலில் புள்ளியியல் ஒரே ஒரு பாடம், பைத்தான் என்ற நிரல்மொழி இல்லவே இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை மையம் 2024 டிசம்பரில் 5 கருச்சிசுக்களின் மூளைகளின் முப்பரிமாணப் படங்களை வெளியிட்டது. மெல்லிய சீவல்களாக வெட்டிப் படமெடுத்த மூளையைக் கணினியில் அடுக்கிச் சேர்க்க உயிரியல் மட்டும் தெரிந்தால் போதாது. அடுத்த செமஸ்டரிலேயே ஒரு நிரலாக்கப் பாடம் எடுக்கச் சொல்லுங்கள்.

விசா விஷயம்: நியூரோசயின்ஸ் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருப்பதால் இப்போதைய விதிப்படி, படிப்புக்குப் பின் அங்கே வேலை பார்க்க அனுமதிக்கும் 12 மாத ஓ.பி.டி.யோடு 24 மாத நீட்டிப்பும் கேட்கலாம். படிப்பு முடிய 90 நாள் இருக்கும்போதே விண்ணப்பம் போடலாம். அந்தத் தேதியைக் காலண்டரில் நீங்களே வட்டமிட்டு வையுங்கள், பிள்ளைகள் மறந்துவிடுவார்கள்.