‘லைஃப்’ தொடர்: சார்லி க்ரூஸைப் பற்றி நீங்கள் கேட்டவை

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 2007 செப்டம்பர் முதல் 2009 ஏப்ரல் வரை வந்த தொடர் ‘லைஃப்’. பார்க்காதவர்களுக்காகக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ்காரன் சார்லி க்ரூஸ். தன் தொழில் கூட்டாளியையும் அவர் குடும்பத்தையும் கொன்றதாக அவன்மேல் பொய்ப் பழி விழுகிறது, ஆயுள் தண்டனை. 12 வருடம் கழித்து டிஎன்ஏ சோதனை அவனை வெளியே கொண்டுவருகிறது. பெரிய இழப்பீட்டோடு டிடெக்டிவ் வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டு அதே காவல்துறைக்குள் நுழைகிறான். மாட்டிவிட்டவர்கள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். சரி, இனி கேள்விகள்.

அக்கா, எப்போது பார்த்தாலும் ஏதாவது பழம் தின்றுகொண்டே இருக்கிறானே, எதற்கு?

தொடரின் உயிரே அதுதான் தம்பி. சிறையில் அத்தனை வருடம் அவனுக்குப் புதுப் பழம் கிடையாது. அவன் பழத்தைக் கையில் எடுக்கும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள். பக்கத்தில் பிணம் கிடக்கும், சுற்றி எல்லோரும் பரபரப்பாக இருப்பார்கள், இவன் சின்னக் கத்தியால் நிதானமாக ஒரு துண்டு சீவி வாயில் போடுவான். அந்த நொடியில் முகத்தில் ஒரு குழந்தைச் சந்தோஷம் வரும், உடனே மறைந்தும் விடும். இழப்பீட்டுப் பணத்தில் வாங்கிய மாளிகையில் உட்கார ஒரு நாற்காலி இல்லை, ஆனால் பழம் இருக்கும். என்னைக் கேட்டால், அவன் எதை இழந்தான் என்பதைப் பக்கம் பக்கமாக வசனம் எழுதினாலும் இப்படிச் சொல்ல முடியாது. மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டாள், அதுவும் வலிதான். ஆனால் எனக்குத் தொண்டை அடைத்தது பழத்தைப் பார்த்துத்தான்.

கோபக்காரனுக்கு ஜென் தத்துவம் ஒட்டவில்லையே?

ஒட்டவில்லை என்பதுதான் விஷயம். தனிமைச் சிறையில் அவன் கைக்குக் கிடைத்தது ஜென் புத்தகம். பற்று வேண்டாம் என்று வாய் சொல்லிக்கொண்டே இருக்கும். வீட்டிலோ ஒரு சுவர் முழுக்கச் சந்தேகப் பேர்வழிகளின் படங்களை ஒட்டி, யாருக்கு யாரோடு தொடர்பு என்று கோடு இழுத்து வைத்திருப்பான். டேமியன் லூயிஸ் இந்த இரண்டையும் ஒரே முகத்தில் வைத்து நடித்திருக்கிறார். சிரிப்பு உதட்டில் இருக்கும், கண் எதிராளியை அளந்துகொண்டே இருக்கும்.

நான் சட்டம் படிக்கிறேன் அக்கா. கலிஃபோர்னியாவில் நிஜமாகவே அவ்வளவு பெரிய தொகை கொடுப்பார்களா?

நல்ல கேள்வி. கதை நடக்கும் காலத்தில் அந்த மாநிலச் சட்டப்படி, தவறாகச் சிறையில் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் 100 டாலர். பின்னால் 2016-இல் அதை 140 ஆக்கினார்கள். 12 வருடம் என்றால் ஏறக்குறைய 4,380 நாள். கணக்குப் போட்டால் 4,38,000 டாலர்தான் வரும், மாளிகை வாங்கக் காணாது. பெரிய தொகை வேண்டுமென்றால் சிவில் வழக்குக்குத்தான் போக வேண்டும். அரசு அதிகாரத்தைப் பயன்படுத்தி ஒருவரின் உரிமையைப் பறித்தால் அவர் வழக்குப் போடலாம் என்று 1871-லேயே அமெரிக்காவில் சட்டம் வந்துவிட்டது. க்ரூஸ் மாதிரி ஆட்கள் போவது அந்த வழியில்தான். பணத்தோடு வேலையும் வேண்டும் என்று அவன் நிற்பதுதான் கதாசிரியரின் கெட்டிக்காரத்தனம். பணத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்கியிருந்தால் கோப்புகளைத் தொட முடியுமா? பேட்ஜ் இருந்தால்தான் கதவு திறக்கும்.

க்ரூஸை அடைத்து வைத்திருந்த பெலிகன் பே சிறை கற்பனையா?

இல்லை, நிஜச் சிறை. 1989-இல் திறந்தார்கள். கலிஃபோர்னியாவின் வடகோடியில், ஓரிகன் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே தனிமைப் பிரிவு அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. அந்தக் கொடுமையை எதிர்த்து 2011-லும் 2013-லும் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதைப் படித்த பிறகு தொடரைத் திரும்பப் பார்த்தேன். போலீஸ்காரன் ஒருவனை அங்கே குற்றவாளிகளோடு போட்டால் என்ன ஆகும் என்று யோசித்தபோது, அவன் வெயிலில் முகத்தைக் காட்டி நிற்கும் காட்சிகளே வேறு மாதிரித் தெரிந்தன.

க்ரூஸோடு ஜோடியாக வேலை செய்யும் டிடெக்டிவ் டேனி ரீஸ் பாத்திரம் எனக்குப் பிடிக்கவில்லை. சிடுசிடுவென்று இருக்கிறாள்.

கொஞ்சம் பொறுத்துப் பாரும்மா. ரகசியப் பணியில் போதைக்கு அடிமையாகி மீண்டு வந்தவள். மேலதிகாரி அவளைக் க்ரூஸோடு சேர்த்து விடுவதே அவன்மேல் குற்றம் கண்டுபிடித்துச் சொல்லத்தான். அவளுடைய அப்பாவே முன்னாள் அதிகாரி, அவர் பெயரும் க்ரூஸின் சுவரில் இருக்கிறது. இதற்கு நடுவில் அவள் எப்படிச் சிரிப்பாள்? இரண்டாம் சீசனின் கடைசிப் பகுதியில் அவள் குறைவாக வருவதற்குக் காரணம், நடித்த சாரா ஷாஹி அப்போது கர்ப்பமாக இருந்தார்.

இவ்வளவு நல்ல தொடரை ஏன் நிறுத்தினார்கள்?

முதல் சீசனின் நடுவிலேயே ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வந்தது. 2007 நவம்பர் முதல் 100 நாள். அதனால் 11 பாகத்தோடு நின்றது. இரண்டாம் சீசன் 21 பாகம். 2009 இலையுதிர் காலத்தில் வாரத்தில் ஐந்து நாளும் இரவு பத்து மணியை என்பிசி நகைச்சுவைக் கலைஞர் ஜே லெனோவின் பேச்சு நிகழ்ச்சிக்குக் கொடுத்தது. நாடகங்களுக்கு இடம் சுருங்கிய அந்த வருடம்தான் இதையும் நிறுத்தினார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

வயதானவன் கேட்கிறேன் அம்மா, ஒரே வார்த்தையில் சொல்: கடைசியில் பழி வாங்குகிறானா இல்லையா?

ஒரு வார்த்தையில் முடியாது ஐயா. மற்றவர்கள் முடிவு தெரிய வேண்டாம் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் சீசனில் உண்மைக் கொலையாளி அவன் கையில் தனியாகச் சிக்குகிறான். கொன்று போட்டாலும் கேட்க ஆளில்லை. ஆனால் கொல்லவில்லை, சட்டத்திடம் ஒப்படைக்கிறான். அப்புறம் கடைசிப் பாகத்தில் ரோமன் என்கிற ரவுடியிடம் ரீஸ் சிக்கிக்கொள்ள, அவளை விடுவிக்கத் தன்னையே மாற்றாகக் கொடுத்துக் காரில் ஏறுகிறான். அங்கே ரோமனை ஒரே அடியில் முடிக்கிறான். தனக்காகக் கொல்லாதவன் அவளுக்காகக் கொன்றான் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். ஆனால் அவனை மாட்டிவிட்ட கூட்டம் முழுசாக அழியவில்லை, சுவரில் படங்கள் மிச்சம் இருக்கின்றன. அது உங்களுக்குக் குறையாகத் தெரியலாம். எனக்கு, காரிலிருந்து இறங்கி ரீஸ் உயிரோடு நிற்பதை அவன் பார்க்கும் அந்தப் பார்வை போதும்.