லாங் மாறியில் வைத்தும் பெருக்கல் விடை ஏன் மைனஸில் வருகிறது?

ஜாவாவில் 1000000 × 1000000 என்று பெருக்கி லாங் (64 பிட் முழு எண்) மாறியில் வைத்தால் -727379968 வருகிறது, பைத்தானில் சரியாக வருகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடையை எந்த மாறியில் வைக்கிறீர்கள் என்பதை ஜாவா பெருக்கும்போது பார்ப்பதே இல்லை. பெருக்கப்படும் எண்கள் இரண்டும் இன்ட், அதாவது 32 பிட் முழு எண். அதனால் பெருக்கலும் 32 பிட்டில்தான் நடக்கிறது. இன்ட் தாங்கும் உச்ச எண் 2147483647. அதைத் தாண்டிய விடையில் கடைசி 32 பிட்டுகள் மட்டும் மிஞ்சுகின்றன. இங்கே அவற்றில் குறியைக் காட்டும் முதல் பிட் 1 ஆக அமைந்துவிட்டதால் மைனஸ் குறி வந்தது. லாங் மாறிக்குப் போய்ச் சேருவது ஏற்கெனவே கெட்டுப்போன விடை. பெருக்கி முடித்தபின் லாங்காக மாற்றுவதாலும் பயனில்லை; பெருக்கும் முன்பே இரண்டில் ஒன்றையாவது லாங் ஆக்க வேண்டும். ஜாவா 8-இல் வந்த மல்டிப்ளை எக்ஸாக்ட் (Math.multiplyExact) என்ற செயற்கூறு, விடை கொள்ளாவிட்டால் பிழை எழுப்பும். பணக்கணக்கு எழுதுபவர்கள் அதையே பயன்படுத்த வேண்டும் என்பேன்.

பைத்தானில் முழு எண்ணுக்கு நிலையான அகலம் கிடையாது. எண் பெருகப் பெருக நினைவகமும் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். வேகம் குறைகிறது, ஆனால் விடை சரியாக வருகிறது. அதே பைத்தானில் நம்பை (NumPy) என்ற கணக்கீட்டு நூலகத்தின் அணிகளுக்குள் போனால் மறுபடி 64 பிட் போன்ற நிலையான அகலம்தான். அங்கே ஓவர்ஃப்ளோ, அதாவது எண் அகலத்தைத் தாண்டி வழிவது, சத்தமில்லாமல் நடக்கும். ஜாவாஸ்கிரிப்ட் வேறு வழியில் தவறும்: சாதாரண எண்ணாக 9007199254740992 உடன் 1 கூட்டிப் பாருங்கள், அதே எண்தான் திரும்பி வரும்.

எனக்கு உண்மையிலேயே அச்சம் தருவது சி மொழி. குறியற்ற எண்கள் (மைனஸ் மதிப்பே இல்லாதவை) அங்கே பூஜ்யத்துக்குச் சுற்றிவரும், அது விதி. குறியுள்ள எண் வழிந்தால் என்ன நடக்கும் என்று தரநிலை எதையும் வரையறுக்கவில்லை. அப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்று கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) எடுத்துக்கொள்ளலாம். கூட்டிவிட்டு, விடை பழைய எண்ணைவிடச் சிறியதா என்று நீங்கள் எழுதிய சோதனையை அது தேவையற்றது என்று நீக்கிவிடவும் கூடும். எனவே கூட்டும் முன்பே சோதியுங்கள்: கூட்டப்போவது நேர்ம எண் என்றால், உச்ச எண்ணிலிருந்து அதைக் கழித்து, கையிலுள்ள எண் அதற்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்விஃப்ட் இதில் சரியான முடிவை எடுத்திருக்கிறது. சாதாரணக் கூட்டல் வழிந்தால் நிரலே நின்றுவிடும். சுற்றிவர வேண்டும் என்றால் அதற்கென உள்ள தனிக் குறியை நீங்களே எழுத வேண்டும். ரஸ்ட் மொழி நிரல், சோதனைக்கான டீபக் பில்டில் நிற்கும். வெளியீட்டுக்கான ரிலீஸ் பில்டில் அமைப்பை மாற்றாவிட்டால் சுற்றிவந்துவிடும்.