நாலு பேர் பாட, ஐந்தாவது குரல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உங்கள் ஒஹாயோ பயணக் கட்டுரையில் ஒரு வரி வந்தது. ஒரு சனிக்கிழமை ராத்திரி ஹோட்டல் மாடிப்படியில் உட்கார்ந்து பார்பர்ஷாப் பாட்டு (அமெரிக்காவில் முடிதிருத்தும் கடையின் பெயரால் வழங்கும், நாலு பேர் வாத்தியம் இல்லாமல் சேர்ந்து பாடும் பாட்டு) கேட்டேன், எழுந்து போக மனம் வரவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். யூடியூபில் தேடி ஏழெட்டுப் பாட்டுக் கேட்டேன்.

நான் பாட்டு டீச்சர். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். உண்மையைச் சொன்னால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கோடு போட்ட கோட்டும் வைக்கோல் தொப்பியுமாக நாலு பேர் நிற்கிறார்கள். ஸ்வரத்தை அசைக்கிற கமகம் இல்லை, வேகமாக உருள்கிற பிருகா இல்லை, அந்த நேரத்துக் கற்பனையான மனோதர்மம் இல்லை. ஒருவர் பாட வேண்டியதை மற்ற மூன்று பேர் சேர்ந்து மூடிவிடுவது போல இருந்தது. மேற்கொண்டு படித்தால், இந்தப் பாட்டுக்காரர்களின் சங்கம் கறுப்பின மக்களைப் பல வருடம் சேர்த்துக்கொள்ளவில்லை என்று இருந்தது. மனசு இன்னும் விலகிவிட்டது. உங்களை ராத்திரி முழுக்க அங்கே உட்கார வைத்தது எது அக்கா? குறை சொல்லவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

எஸ்., கும்பகோணம்

*

அன்புள்ள எஸ்.,

அந்த வரியை அப்படி அம்போவென்று விட்டிருக்கக் கூடாது. எழுத வராததால்தான் விட்டேன். நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. பாட்டு டீச்சர் கேட்டது இன்னும் நல்லது, உங்களிடம் சுருதி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

எதில் கேட்டீர்கள்? போனில் என்றால் முக்கால்வாசி கேட்கவில்லை என்று அர்த்தம். இந்தப் பாட்டு நிற்பதே அடிக்குரலின் மேல். போன் ஸ்பீக்கரில் அந்த அடிக்குரல் வராது. தம்புராவில் கீழ் ‘ஸ’வான மந்தர ஸட்ஜத் தந்தியைக் கழற்றிவிட்டுக் கேட்ட மாதிரிதான்.

நான் போன கதையைச் சொல்கிறேன். மகள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது எதையோ முனகிக்கொண்டே இருப்பார். அதில் பாட்டு என்று ஒன்று இருக்காது. ஒரே ஸ்வரத்தில் நாலு சொல், திடீரென்று ஒரு குதி, மறுபடி கீழே. பாவம், ஞானம் இல்லை போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் நால்வர் குழுவில் பாரிடோன் பாடுகிறவர் என்று பிறகு தெரிந்தது. வெள்ளி சாயங்காலம் தொடங்கி ஞாயிறு காலைவரை பாடகர்கள் கூடுகிறார்கள், பழைய சாம்பியன்களும் வருகிறார்கள், வாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனார்.

நாலு குரலில் மெட்டு ‘லீட்’ கையில் இருக்கும். அவருக்கு மேலே மெல்லிசாக ‘டெனர்’. எல்லாருக்கும் கீழே தரை போல ‘பேஸ்’. இந்த மூன்றும் போக எந்த ஸ்வரம் விட்டுப்போகிறதோ அது பாரிடோனுக்கு. லீடுக்கு மேலேயும் போக வேண்டும், கீழேயும் வர வேண்டும். தனியாகக் கேட்டால் அதற்கு உருவமே இருக்காது. தோட்டத்தில் நான் கேட்டது அதைத்தான். அந்த வெள்ளிக்கிழமை ஹோட்டல் கூடத்தில் மற்ற மூன்று குரலும் வந்து சேர்ந்ததும், மாதக்கணக்காக நான் காதில் போட்டுக்கொண்டிருந்த முனகல் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. மனுஷர் இத்தனை நாளும் பிசகில்லாமல்தான் பாடியிருக்கிறார். தப்பாகக் கேட்டவள் நான்.

மூடிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுத் தம்புராவைச் சுத்தமாகச் சுருதி சேர்த்துவிட்டு மீட்டினால் யாரும் தொடாத ஒரு ‘க’, அந்தர காந்தாரம், கேட்கும் இல்லையா? சுயம்பு காந்தாரம் என்போம். இங்கே நாலு பேர் சேர்ந்து தேடுவது அந்த மாதிரி ஒரு சுயம்புவைத்தான். இவர்களுக்கு ரொம்பப் பிடித்த ஸ்வரக்கூட்டு ஸ, அந்தர காந்தாரம், ப, அதோடு ஒரு நிஷாதம், அதாவது ‘நி’. நாலும் 4:5:6:7 என்ற விகிதத்தில் நிற்க வேண்டும். ஸ விநாடிக்கு 200 அதிர்வு என்று வையுங்கள், ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேல். காந்தாரம் 250, பஞ்சமம் 300, நிஷாதம் 350. கீபோர்டில் கைசிகி நிஷாதத்தை, இரண்டு ‘நி’யில் கீழே இருப்பதை, அழுத்தினால் 356 வரும். இவர்கள் அதைவிட ஆறு அதிர்வு கீழே போய் நிற்கிறார்கள். எந்தக் குரலோடும் அதன் அதிர்வின் மடங்குகளும் மெல்லிசாகச் சேர்ந்து ஒலிக்கும். அந்த இடம் கிடைத்த கணத்தில், ஸட்ஜத்தின் மூன்றாம் மடங்கான 600உம் பஞ்சமத்தின் இரண்டாம் மடங்கான 600உம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காந்தாரத்தின் நாலாம் மடங்கு 1000, ஸட்ஜத்தின் ஐந்தாம் மடங்கும் 1000. இப்படி மேலே மேலே மடங்குகள் ஒன்றாகிக் கூடும்போது யாரும் பாடாத ஒரு குரல் தலைக்கு மேலே கேட்கிறது. மணி அடித்து ஓய்ந்த பிறகு நிற்குமே, அது மாதிரி. அவர்களும் ‘ரிங்’ என்றுதான் சொல்கிறார்கள்.

கமகம் இல்லாததற்குக் காரணம் இதுதான். ஸ்வரம் அசைந்தால் மடங்குகள் ஒட்டாது. நாலு பேர் வாயிலும் ‘ஆ’ ஒரே ‘ஆ’வாக இருக்க வேண்டும். ஒருவர் கொஞ்சம் ‘ஓ’ பக்கம் சாய்ந்தாலும் போயிற்று. பக்கவாத்தியம் கிடையாது. பிட்ச் பைப் என்ற சின்ன ஊதுகருவியில் ஒரே ஒரு ஸ்வரம் ஊதிவிட்டு ஆரம்பிப்பார்கள், அதற்குப் பிறகு ஒருவருக்கொருவர்தான் சுருதி. பாட்டுகள் பெரிதாக ஒன்றும் இல்லை. போன நூற்றாண்டுத் தொடக்கத்து மெட்டுகள், நிலா, அம்மா, ஊரில் விட்டுவந்த பெண். சாகித்யத்துக்காகப் போனால் ஏமாந்துதான் வருவீர்கள். தொப்பியும் கோடு போட்ட கோட்டும் எனக்கும் பிடிக்காது. இப்போது போட்டிக்கு வருகிற பெரும்பாலான குழுக்கள் சாதாரண சூட்தான் போடுகிறார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அதை நான் சுலபமாகத் தாண்டிப் போகப் போவதில்லை.

இந்தப் பாட்டு கறுப்பின மக்களிடம் பிறந்தது. அமெரிக்கத் தெற்கில் முடிதிருத்துகிறவர்கள் அவர்களாகவே இருந்த காலத்தில், கடைக்குக் கடை ஒரு நால்வர் குழு இருந்ததாகக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1925லேயே எழுதியிருக்கிறார். ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் ட்ரம்பெட் எடுப்பதற்கு முன்னால் நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் நாலு பையன்களில் ஒருவராகப் பாடித் திரிந்தவர். இதையெல்லாம் திரட்டி லின் அபட் என்ற ஆய்வாளர் கட்டுரையாக எழுதியது 1992ல்தான். அதுவரை இது வெள்ளைக்காரர்களின் பழங்கால விளையாட்டு என்றே உலகம் நம்பியது.

1938 ஏப்ரலில் ஓக்லஹோமாவின் டல்சா நகரத்தில், ஒரு கிளப் கட்டடத்து மொட்டைமாடியில், ஓவன் கேஷ் என்ற வரி வழக்கறிஞரும் ரூபர்ட் ஹால் என்ற முதலீட்டுக்காரரும் ஆள் அனுப்பிக் கூட்டிய 26 பேர் உட்கார்ந்து பாடினார்கள். சங்கம் அதிலிருந்து வளர்ந்தது. அதே டல்சாவில்தான் 17 வருடம் முன்னால், 1921ல், கறுப்பின மக்களின் கிரீன்வுட் பகுதியை வெள்ளைக்காரக் கும்பல் கொளுத்தியது. அந்த ஊர் மொட்டைமாடியில் அந்தக் கறுப்பின மக்களின் பாட்டை அவர்கள் இல்லாமல் பாடியிருக்கிறார்கள்.

1941ல் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் சுமை தூக்குகிற நாலு பேர், ‘கிராண்ட் சென்ட்ரல் ரெட் கேப்ஸ்’ என்ற குழு, நகரப் போட்டியில் ஜெயித்தார்கள். செயின்ட் லூயிஸில் நடந்த தேசியப் போட்டியில் அவர்களை மேடை ஏற விடவில்லை. நிறம்தான் காரணம். நியூயார்க்கின் முன்னாள் கவர்னர் ஆல் ஸ்மித்தும் நகரப் பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸும் அதைக் கண்டித்துச் சங்கப் பொறுப்பை விட்டு விலகினார்கள். சங்கம் அசையவில்லை. கதவு திறக்க 1963 ஆயிற்று. பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 2018ல். ரெட் கேப்ஸ் அன்று பாடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று என்னால் நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அந்த மேடையில் அந்த நாலு குரல் ஒலிக்கவே இல்லை. அதை இனி எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது.

நமக்கு இது புரியாத கதை அல்ல. நம் ஊரிலும் முடிதிருத்தும் குடும்பங்களில் நாயனமும் தவிலும் வாசித்தவர்கள் உண்டு. கல்யாணத்துக்கு அவர்கள் மங்கள வாத்தியம் வேண்டும், பந்தியில் அவர்கள் உட்காரக் கூடாது என்று இருந்த வீடுகளை என் பாட்டி சொல்லியிருக்கிறாள். அதற்காக நான் நாதஸ்வரத்தை விட்டு விலகவில்லை. வாசித்தவர்கள் பக்கம் போய் நின்றுகொண்டேன். இங்கேயும் அப்படித்தான் கேட்கிறேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மேடைக் கச்சேரி ராத்திரி பத்தரைக்கு முடிந்தது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதற்காக நான் உங்களுக்கு இவ்வளவு நீளம் எழுத மாட்டேன். அதற்குப் பிறகு யாரும் தூங்கப் போகவில்லை. லிப்ட் வாசலில், கார் நிறுத்துமிடத்தில், எங்கே பார்த்தாலும் நாலு நாலு பேராக வட்டம் போட்டு நின்றார்கள். ரொம்பக் கிராக்கி மாடிப்படிக்கு, அங்கேதான் எதிரொலி நன்றாக வரும். பாடுவது ‘டேக்’. ஒரு பாட்டின் கடைசி வரி மட்டும், அரை நிமிஷம். தெரியாதவருக்கு அவர் குரலைப் பாடிக் காட்டுவார்கள், இரண்டு தடவையில் பிடித்துக்கொள்வார், உடனே நாலும் சேரும். ஒரு குரலுக்கு ஒருவர்தான். ஆசையாக இருக்கிறதே என்று ஐந்தாவது ஆள் கூடச் சேர்ந்து பாடுவது மரியாதை இல்லை.

பழைய சாம்பியன்களை அங்கேதான் பக்கத்தில் பார்த்தேன். சங்கத்தின் உலகப் போட்டியில் ஒரு குழு தங்கம் வாங்கிவிட்டால் அதே குழுவாக மறுபடி போட்டியிட முடியாது. ஒரே ஒரு தடவைதான். 1939லிருந்து, கொரோனா வந்த இரண்டு வருடம் போக, வருடத்துக்கு ஒரு குழு. ஜெயித்த பிறகு தோற்கவும் முடியாது, திரும்ப ஜெயிக்கவும் முடியாது. அப்புறம் இருப்பது பாடுவது மட்டும். பல வருடம் முன்னால் தங்கம் வாங்கிய ஒரு குழுவில் மூன்று பேர் வந்திருந்தார்கள். அவர்களுடைய பேஸ் பாடகர் காலமாகிவிட்டார். படியில் மூன்று பேரும் நின்று கீழே பார்த்தார்கள். கல்லூரிப் பையன் ஒருவன் தண்ணீர் பாட்டிலோடு ஏறி வந்துகொண்டிருந்தான். “பேஸ் தெரியுமா?” என்று கேட்டார்கள். ஒரு காதில் பேஸ் குரல் மட்டும், இன்னொரு காதில் மற்ற மூன்று குரலும் வருகிற பயிற்சி ஒலிப்பதிவு இருக்கிறது, இவர்கள் பாட்டை அவன் அதில்தான் கற்றிருந்தான். பாட்டிலைப் படியில் வைத்துவிட்டு வந்து நின்றான். லீட் பாடுகிற பெரியவர் முதல் சொல்லை எடுக்காமல் பையன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பையன் மூச்சு எடுத்தான், அதைப் பார்த்துத்தான் அவர் மூச்சு எடுத்தார். நாலும் சேர்ந்த இடத்தில் அந்த மேல்குரல் வந்தது. கைப்பிடி இரும்பு என் உள்ளங்கையில் அதிர்ந்தது. டெனர் பாடியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு “இன்னொரு தடவை” என்றார்.

ஒரு மணி இருக்கும், என்னைக் கூட்டிவந்த அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் என்னை எழுப்பி நிறுத்தினார். நீங்கள் வீணை படித்தவர், ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிற்கத் தெரியாதா என்றார். எனக்காகச் சுருதியை ஏற்றிப் பிட்ச் பைப்பை ஊதினார்கள். என் வேலை ஒரே ஸ்வரம், மற்ற மூன்று பேரும் நகர்வார்கள். இதற்கு ‘போஸ்ட்’ என்று பெயர், நட்டுவைத்த கம்பம். “நீங்கள் அசையாதீர்கள், நாங்கள் உங்களிடம் வருகிறோம்” என்றார்.

பிடித்தேன். முதலில் நான் ஸட்ஜம். கீழே அவர்கள் நகர்ந்தார்கள், நான் பஞ்சமம் ஆனேன். மறுபடி நகர்ந்தார்கள், காந்தாரம். கடைசிக்கு முன்னால் நிஷாதம். கிரக பேதம் செய்கிறோமே, ஆதார ஸட்ஜத்தை மாற்றினால் ராகமே மாறிவிடுமே, அதைத்தான் மூன்று ஆட்கள் என் காலடியில் செய்துகொண்டிருந்தார்கள். என் குரல் இருந்த இடத்திலேயே இருந்தது, அதன் நிறம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. நாற்பது வருடம் வீணையைத் தொட்டவள் நான், என் ஒரு ஸ்வரத்துக்குள் இத்தனை இருந்தது எனக்குத் தெரியாது. மூச்சு முட்டி நிறுத்தினேன். நாலு பேரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் இன்னொரு தடவை பாடினோம். அப்புறம் எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

உங்கள் வகுப்பில் நாலு பிள்ளைகளை வட்டமாக நிறுத்துங்கள். ஒருத்தி ஸ, ஒருத்தி அந்தர காந்தாரம், ஒருத்தி ப, நாலாவது பிள்ளைக்குக் கைசிகி நிஷாதம். எல்லாரும் ஒரே ‘ஆ’, அசைவு வேண்டாம். ஸ பாடுகிறவள் கொஞ்சம் கனமாகப் பாடட்டும். பிறகு நிஷாதக்காரியை மட்டும் துளித்துளியாக இறக்கச் சொல்லுங்கள், அதற்குக் கீழே இருக்கிற ‘த’வான சதுச்ருதி தைவதம்வரை போய்விடாமல். எங்கே நிறுத்த வேண்டும் என்று நீங்கள் சொல்லாதீர்கள், அவளே கண்டுபிடிக்கட்டும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், அந்த இரைச்சலில் கேட்காது. என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா