சுத்தமான கோடு (code) போட்டதால் கூகுள் ரேங்க் இறங்காது, முகவரிகளைப் பாருங்கள்

பக்கத்தை அட்டவணைக் கட்டங்களில் அடுக்கும் பழைய டேபிள் லேஅவுட்டைத் தூக்கிவிட்டுச் சுத்தமான கோடில் இணையதளத்தை மாற்றிய பிறகு கூகுளில் பின்னுக்குப் போய்விட்டது என்கிறீர்கள். கோடு சுத்தமாக இருப்பதற்காக கூகுள் யாரையும் மேலே ஏற்றுவதில்லை. பக்கம் வேகமாகத் திறந்தால் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். எனக்குச் சந்தேகம் பக்கங்களின் முகவரிகள் (URL) மேல்தான். டாட் பிஎச்பி என்று முடிந்ததையெல்லாம் மாற்றியதாக நீங்களே சொல்கிறீர்கள், அப்படியென்றால் ஒவ்வொரு பழைய பக்கத்திலிருந்தும் அதே விஷயம் உள்ள புதிய பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) வேண்டும், மொத்தத்தையும் முகப்புக்குத் திருப்பிவிட்டால் காணாமல் போன பக்கங்களாகவே கூகுள் எடுத்துக்கொள்ளும். அப்புறம் பக்கத்தின் சோர்ஸில் நோஇண்டெக்ஸ் (இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே என்று கூகுளுக்குச் சொல்லும் குறிப்பு) இருக்கிறதா பாருங்கள். சோதனைத் தளத்தில் போட்டதை டெவலப்பர் எடுக்க மறப்பது சகஜம். இரண்டும் சரி என்றால் தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோலில் புது சைட்மேப் (தளத்துப் பக்கங்களின் பட்டியல்) கொடுத்துவிட்டுச் சில வாரம் பொறுங்கள், அதுவரை தலைப்புகளைக் கிளறாதீர்கள்.